சுமத்ராவில் நிலநடுக்கம், ஒன்பதாவது மாடியில் நாங்கள், பக்கத்தில் கல்பாக்கம்

துரைப்பாக்கம் துரை
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 2:41

ரோட்டில் நின்றுகொண்டு போனில் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே கால் மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். லேசாகத் தலை சுற்றியது. கேன்டீன் குருமாவின் வேலை என்று நினைத்தேன். அப்புறம்தான் மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். பாட்டில் அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்கிறது. ஜன்னல் திரையின் கயிறு அரையடி தூரத்துக்குப் போய்ப் போய் வருகிறது. எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. யாரோ ஒருவர் "எர்த்க்வேக்" என்று கத்திய பிறகுதான் எல்லோரும் எழுந்தோம். ஒன்பது மாடி படியில் இறங்கி வெளியே வந்தால் துரைப்பாக்கம் முழுக்க ரோட்டில் நிற்கிறது. எந்த போனும் கிடைக்கவில்லை. எஸ்.எம்.எஸ். மட்டும் போகிறது.

சுமத்ரா பக்கம் என்கிறார்கள். சரி, அங்கே நடந்தது இங்கே ஆட்டுகிறது என்றால், இங்கிருந்து கல்பாக்கம் அணுமின் நிலையம் நேர்கோட்டில் 45 கி.மீ. இருந்தால் அதிகம். அங்கே என்ன ஆகியிருக்கும்? ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்து ஒரு வருஷம்தானே ஆகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பீதியைக் கிளப்புவதற்காகக் கேட்கவில்லை.

ஊஞ்சல்காரி
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 2:52

தம்பி, இங்கே பெசன்ட் நகரிலும்தான். எங்கள் வீடு தரைத்தளம், கால் தரையில் எதுவும் தெரியவில்லை. ஹாலில் ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பேரன் ஆட்டிவிட்டு ஓடிவிட்டான் என்று திட்ட வாயெடுத்தேன். அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கிறான்!

டிவியில் முதலில் 8.9 என்று ஓடியது, இப்போது 8.7 என்கிறார்கள். 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கும் இதே ஊஞ்சல் இப்படித்தான் ஆடியது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது மணிக்குக் கடல் உள்ளே வந்தது. இன்றைக்குப் போலீஸ் மைக் வைத்துக் கடற்கரையைக் காலி செய்யச் சொல்கிறது. அந்த மட்டும் பரவாயில்லை. நாங்கள் பையைக் கட்டிக்கொண்டு தி.நகரில் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்புகிறோம்.

மின்வெட்டு மாரி
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 2:58

மதுரையில் இருந்து ஓர் ஐயம். எங்களுக்கு ஆடியதா இல்லையா என்று தெரியவில்லை. ஃபேன் ஆடுகிறதா என்று பார்க்கலாம் என்றால் ஃபேனுக்கு கரண்ட் இல்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம், எங்களுக்கு நான்கு மணி நேரம் என்று அரசாங்கக் கணக்கு. நான்கு எப்போது எட்டானது என்று நிலநடுக்கக் கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நெறியாளர்
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 3:05

"கல்பாக்கத்தில் கசிவு, ஜன்னலைச் சாத்துங்கள்" என்று ஒரு எஸ்.எம்.எஸ். சுற்றுகிறது. அதை இங்கே ஒட்டிய மூன்று பதிவுகளை நீக்கிவிட்டேன். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மச்சான் அனுப்பியது, மாமா அனுப்பியது எதுவும் வேண்டாம்.

பாறைப்பித்தன்
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 3:20

துரை, உங்கள் பாட்டில் தண்ணீரும் அம்மாவின் ஊஞ்சலும் சேர்ந்து பாதி பதிலைச் சொல்லிவிட்டன. நான் நிலவியல் பாடம் நடத்துகிறவன், கொஞ்சம் நீளும்.

நடுக்கம் நம் நேரம் 2:08-க்கு. மையத்தில் இருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட 1,850 கி.மீ. முதல் அலை நொடிக்கு எட்டு கி.மீ. வேகத்தில் நான்கு நிமிடத்துக்குள் வந்திருக்கும். அதை யாரும் உணர்ந்திருக்க மாட்டீர்கள். பக்கவாட்டில் ஆட்டுகிற இரண்டாவது அலையும் அதன் வாலைப் பிடித்து வரும் மேற்பரப்பு அலையும் ஏழெட்டு நிமிடத்தில் வரும். 2:08-ம் ஏழும் 2:15. உங்கள் தலைசுற்றல் குருமாவால் வந்ததில்லை.

இவ்வளவு தூரம் வரும்போது படபடவென்று அடிக்கும் வேகமான அதிர்வை எல்லாம் பாறை வழியிலேயே தின்றுவிடும். எஞ்சுவது மெதுவான ஆட்டம். ஒரு தடவை போய் வர ஒரு நொடி, மூன்று நொடி, பத்து நொடி எடுத்துக்கொள்ளும் ரகம். மெதுவாக ஆடுகிற பொருள்தான் இதற்கு மசியும். பத்து மாடிக் கட்டடத்தின் சொந்த ஆட்டம் ஏறக்குறைய ஒரு நொடி. உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சலுக்கு மூன்று நொடி. அதனால்தான் அம்மாவின் கால் உணராததை ஊஞ்சல் உணர்ந்தது.

இப்போது உலைக்கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். தடித்த கான்கிரீட், குட்டையும் பருமனுமாக, பாறையோடு கட்டிய உருவம். தட்டினால் நொடிக்கு நான்கைந்து தடவை விறைப்பாக அதிரும். இன்றைக்கு வந்த மெதுவான ஆட்டத்துக்கு அது முழுக் கல்லாக உட்கார்ந்திருக்கும். ஒன்பதாவது மாடியில் நீங்கள் உணர்ந்ததை வைத்து உலைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட முடியாது. சுமத்ராவின் 8-ஐ விட, புதுச்சேரிக்கு எதிரே கடலில் வரும் 6-தான் கல்பாக்கத்துக்குக் கவலை தர வேண்டும். கட்டுக்கதை சொல்லவில்லை. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் அங்கே 5.5 வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த நில அதிர்வு வரைபடத்தில்தான் சென்னை இரண்டாம் மண்டலத்தில் இருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. மண்டல எண் கூடக் கூட ஆபத்து அதிகம்.

உவரி அலை
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 3:34

வாத்தியார் அண்ணாச்சி அழகாகச் சொன்னீர்கள். ஆனால் மகாராஷ்டிரத்தில் 1967-ல் கொய்னாவிலும் 1993-ல் லாத்தூரிலும் நடுக்கம் வரும் வரை இதே பாடத்தைத்தானே நடத்திக்கொண்டிருந்தீர்கள்? தக்காணம் அசையாத பாறை, அங்கே ஒன்றும் வராது என்று? லாத்தூரில் பத்தாயிரம் பேர் வரை செத்த பிறகுதான் அசையும் என்று தெரிந்தது.

எங்கள் பக்கம் கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் இதைத்தான் சொல்கிறார்கள்: இரண்டாம் மண்டலம், பயப்படாதீர்கள். போன மாதம் தமிழக அமைச்சரவையும் உலைக்குச் சரி என்று சொல்லியாயிற்று.

பாறைப்பித்தன்
11 ஏப்ரல் 2012, பிற்பகல் 3:41

உவரி, குத்து சரியான இடத்தில்தான் விழுந்தது. வாங்கிக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். அணு உலைக்கு மண்டல எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. அது வீடு கட்டுகிறவர்களுக்கு. உலைக்கு, சுற்றி 300 கி.மீ. வரை உள்ள பிளவுகளைத் தனியாக ஆராய்ந்து, அவற்றில் வரக்கூடிய பெரியது எது, அது மிகக் கிட்டத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தெரிந்த பிளவுக்குத்தான் கணக்கு. லாத்தூர்ப் பிளவு 1993 வரை யார் பட்டியலிலும் இல்லை என்பது உண்மை.

ஆட்டம் கணக்கை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜப்பானில் காஷிவாசாகி-காரிவா அணுமின் நிலையம், 2007 ஜூலை. வடிவமைப்பில் நினைத்ததை விடத் தரை அதிகமாக ஆடியது. ஒரு மின்மாற்றி எரிந்தது. பயன்படுத்திய எரிபொருளை ஆறவைக்கும் குளத்தின் தண்ணீர் தளும்பி, கொஞ்சம் வடிகால் வழியாகக் கடலுக்கே போனது. உலைகள் நின்றன, உருகவில்லை. போன ஆகஸ்டில் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 5.8 வந்தபோது நார்த் அன்னா நிலையத்திலும் அதே கதை. பயன்படுத்திய எரிபொருளை அடைத்து வைத்திருந்த, நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளைகள் மேடையில் சில அங்குலம் நகர்ந்துவிட்டன. நவம்பரில் திரும்ப ஓட்டிவிட்டார்கள்.

துரைப்பாக்கம் துரை
11 ஏப்ரல் 2012, மாலை 4:26

இப்போது மறுபடியும்! மாடிக்கு ஏறச் சொன்னார்கள், ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே திரைக் கயிறு. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஓ.எம்.ஆர். நகரவே இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

பாறைப்பித்தன், தண்ணீர் தளும்பும் என்கிறீர்களே, அப்படியானால் மெதுவான ஆட்டமும் குளத்தைத் தளும்ப வைக்குமே?

பாறைப்பித்தன்
11 ஏப்ரல் 2012, மாலை 4:40

நல்ல மாணவர் நீங்கள். ஆமாம், உலையின் உள்ளே மெதுவான ஆட்டத்துக்கு மசியக்கூடியது தேங்கிய தண்ணீர் ஒன்றுதான். ஆனால் உங்கள் பாட்டில் தளும்பியது ஒன்பதாவது மாடியில். உயரம் அதைப் பெருக்கிக் காட்டியது. தரை மட்டத்தில் வந்தது மிகச் சிறியது.

இரண்டாவது நடுக்கம் 8.2 என்கிறார்கள், 4:13-க்கு. இன்னொரு சேதி: இரண்டுமே தட்டுகள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்த வகை போலத் தெரிகிறது. 2004-ல் கடல்தளம் எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. இதில் தரை கிடையாக வழுக்கியிருக்கிறது. பெரிய அலைக்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் எச்சரிக்கையை விலக்கும் வரை கடற்கரைப் பக்கம் போகாதீர்கள்.

பழைய ஷிப்ட்காரன்
11 ஏப்ரல் 2012, இரவு 8:15

மாலையில் எச்சரிக்கையை விலக்கிவிட்டார்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு நடுக்கத்தையே சுற்றுவதால் எழுதலாம் என்று தோன்றியது. நான் கட்டுப்பாட்டு அறைகளில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன்.

எல்லோரும் "தாங்குமா" என்று கேட்கிறீர்கள். ஷிப்டில் இருக்கிறவன் அதைக் கேட்க மாட்டான். கட்டடம் தாங்கும். ஆட்டம் கூடினால் உலையை நிறுத்துவதும் இரண்டு மூன்று நொடி வேலை. அவன் கேட்பது இரண்டே கேள்வி: கரண்ட் இருக்கிறதா? தண்ணீர் ஓடுகிறதா?

ஏன் என்றால், அணு உலையை நிறுத்தலாம், அணைக்க முடியாது. விறகு அடுப்பில் தீயை அணைத்த பிறகும் தணல் கனன்றுகொண்டிருக்கும் இல்லையா, அதுபோல. கல்பாக்கத்து உலை ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 800 மெகாவாட் வெப்பம் தரும், அதில் 220 மெகாவாட் மின்சாரமாகும். நிறுத்திய அந்த நொடியிலும் ஆறேழு சதவீதம் வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஐம்பது மெகாவாட் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பத்து. ஒரு நாள் கழித்தும் நான்கைந்து இருக்கும். பத்து மெகாவாட் என்றால் ஐந்தாயிரம் வீட்டில் ஆளுக்கு ஒரு ஹீட்டரை ஒரே அண்டாவில் போட்டுவிட்டு ஊருக்குப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைச் சுற்றவிட பம்ப் வேண்டும், பம்புக்கு கரண்ட் வேண்டும். உலை நின்றதால் சொந்த கரண்ட் கிடையாது. நடுக்கத்தில் வெளி லைன் அறுந்திருந்தால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் போனால் பேட்டரி. பேட்டரிக்கு ஆயுள் சில மணி நேரம்.

புகுஷிமாவில் நடந்தது இதுதான். 9.0 நடுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. வெளி லைன் போனது, ஜெனரேட்டர்கள் ஒழுங்காகக் கிளம்பின. ஐம்பது நிமிடம் எல்லாம் புத்தகத்தில் போட்டபடி. அப்புறம் கடல் வந்தது. ஜெனரேட்டர்களும் சுவிட்ச் பலகைகளும் பெரும்பாலும் கீழ்த்தளத்தில். அவ்வளவுதான். ஆறாவது உலைக்கு மட்டும் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று உயரமான இடத்தில் இருந்தது. அது ஐந்தையும் ஆறையும் காப்பாற்றியது.

2004-ல் கல்பாக்கத்தில் இரண்டாவது உலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாவது, குழாய் மாற்றும் வேலைக்காக முந்தைய வருஷமே நிறுத்தியது. கடல் தண்ணீரை எடுக்க அங்கே கடலுக்கு அடியில் அரை கிலோமீட்டர் போல ஒரு சுரங்கம் உண்டு. சுனாமி அதன் வழியாகவும் பம்ப் ஹவுஸுக்கு ஏறியது. பெரிய பம்புகள் முங்கின. உலையை நிறுத்தினார்கள். வெளி மின்சாரம் போகவில்லை என்பது பெரிய கொடுப்பினை. தணிக்கும் வேலை நடந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு ஜனவரி 2-ந்தேதி மறுபடி ஓட்டினார்கள். பக்கத்தில் புதிய ஈனுலைக்காக (எரிப்பதை விட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) தோண்டிய பெரிய குழி மட்டும் ஏரியானது. உலைக்குள் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையை நினைத்து ஊரெல்லாம் பயந்தது. செத்தது கடற்கரையோரம் வீடு இருந்தவர்கள். அதை யாரும் பேசுவதே இல்லை.

உவரி அலை
11 ஏப்ரல் 2012, இரவு 8:50

ஐயா, நேர்மையாக எழுதினீர்கள், நன்றி. ஆனால் "வெளி மின்சாரம் போகாதது கொடுப்பினை" என்று நீங்களே சொல்கிறீர்கள். கொடுப்பினையை நம்பியா உலையைக் கட்டுவது?

பழைய ஷிப்ட்காரன்
11 ஏப்ரல் 2012, இரவு 9:10

தம்பி, போயிருந்தால் ஜெனரேட்டர் இருந்தது. அதுவும் போயிருந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். நியாயம். கூடங்குளத்தில் அதற்காகத்தான் கரண்ட் இல்லாமலே வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஆவி தானே மேலேறி, வெளிச்சுவரில் இருக்கும் கூண்டுகளில் குளிர்ந்து, தானே கீழே இறங்கும். எரிபொருள் உருகினால் அதைப் பிடிக்க உலைக்கு அடியில் ஒரு பாத்திரம். கடல் 5.44 மீட்டர் வரை ஏறலாம் என்று கணக்கு. உலைக்கட்டடம் 8.7 மீட்டரில், ஜெனரேட்டர்கள் 9.3 மீட்டரில். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. நான் காகிதத்தை மதிக்கிறவன், ஆனால் ஜெனரேட்டரை மாதம் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறவனைத்தான் நம்புவேன்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சோதனை ஓட்டத்தின்போது ஒரு ஜெனரேட்டர் கிளம்பவே இல்லை. காரணம் என்ன தெரியுமா? முந்தைய ஷிப்டில் துடைக்க வந்தவர் ஒரு வால்வின் கைப்பிடியில் வேஷ்டித் துணியைக் கட்டிக் காயப்போட்டிருந்தார். அதில் வால்வு பாதி மூடியிருந்தது. நிலநடுக்கமும் இல்லை, சுனாமியும் இல்லை. வேறு மூன்று ஜெனரேட்டர்கள் இருந்தன, ஆபத்தும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மின்வெட்டு மாரி
11 ஏப்ரல் 2012, இரவு 9:22

ஆக, கரண்ட் தயாரிக்கிற இடத்துக்கே கரண்ட் கட் ஆனால்தான் ஆபத்து. அதைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யார் யோசனை இது?

செண்டாய் சிவா
12 ஏப்ரல் 2012, காலை 6:30

செண்டாயில் ஏழு வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் மார்ச் 11-ந்தேதியும் இங்கேதான். துரை, நீங்கள் எழுதியது படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இங்கே தண்ணீர் பாட்டில் சாயவில்லை, அலமாரியே சாய்ந்தது. கரண்ட், கேஸ், தண்ணீர் மூன்றும் போனது. பனி வேறு. புகுஷிமாவைப் பற்றி எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் சென்னையில் என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே டிவி இருந்தது, இங்கே இல்லை.

ஷிப்ட்காரர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லோரும் புகுஷிமா என்கிறார்கள். ஒனாகாவா என்று யாரும் சொல்வதில்லை. அந்த நடுக்கத்தின் மையத்துக்கு மிகக் கிட்டத்தில் இருந்த அணுமின் நிலையம் ஒனாகாவாதான். அங்கேயும் பதின்மூன்று மீட்டர் அலை வந்தது. ஆனால் நிலையம் இருந்தது 14.8 மீட்டர் உயரத்தில். நடுக்கத்தில் நிலமே ஒரு மீட்டர் இறங்கிவிட்டது, அப்படியும் தப்பித்தது. கட்டும் காலத்தில், அந்த மின் நிறுவனத்தில் யானோசுகே ஹிராய் என்பவர் இவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். பழைய சுனாமி ஒன்று எங்கள் பக்கத்துக் கோவில் வரைக்கும் வந்தது என்ற ஊர்ப்பேச்சு அவர் காதில் இருந்தது. அவர் 1986-லேயே இறந்துவிட்டார். ஐந்து வெளி மின் லைன்களில் நான்கு போய் ஒன்று மிஞ்சியது. வீடு போன ஊர் மக்கள் அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக்கூடத்தில்தான் வந்து தங்கினார்கள். முந்நூறு பேருக்கு மேல்.

புகுஷிமாவில் என்ன செய்தார்கள்? 35 மீட்டர் உயரமாக இருந்த கடலோர மேட்டை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கி அதன்மேல் கட்டினார்கள். கெட்டியான பாறை கிடைக்கும், கடல் தண்ணீரை மேலே ஏற்றும் செலவும் மிச்சம். அதே கடல், அதே நடுக்கம்.

ஊஞ்சல்காரி
12 ஏப்ரல் 2012, காலை 9:05

வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம். நாத்தனார் வீட்டில் பதினோரு பேர் ஒரே ஹாலில் படுத்தோம். சிவா, உங்கள் பதிவை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "கல்பாக்கத்தில் ஏதாவது ஆனால் நமக்கு யார் சொல்வார்கள்?" நேற்று சுனாமிக்குப் போலீஸ் மைக்கில் சொன்னது. உலைக்கு யார் மைக்? எங்கே போக வேண்டும்? யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய ஷிப்ட்காரன்
12 ஏப்ரல் 2012, காலை 11:30

அம்மா, சட்டப்படி இது. உலையைச் சுற்றி 1.6 கி.மீ. வரை யாரும் குடியிருக்கக் கூடாது. 5 கி.மீ. வரை புதிதாகப் பெரிய குடியிருப்போ ஆலையோ வளரவிடக் கூடாது. 16 கி.மீ. வரை அவசரத் திட்டம். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குச் சொல்வதும் அழைத்துப் போவதும் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு, நிலையத்தின் பொறுப்பில்லை. அயோடின் மாத்திரை கொடுப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது, எல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்கும். பெசன்ட் நகர் வட்டத்துக்கு மிகவும் வெளியே.

உவரி அலை
12 ஏப்ரல் 2012, மதியம் 12:10

எங்கள் ஊரும் வட்டத்துக்கு வெளியேதான், கூடங்குளத்தில் இருந்து இருபது கி.மீ. தாண்டி. புகுஷிமாவில் 20 கி.மீ. வரை காலி செய்தார்கள். அப்புறம் நாற்பது கி.மீ. தள்ளி வடமேற்கில் இருந்த இதாதே கிராமத்தையும் ஒரு மாதம் கழித்துக் காலி செய்யச் சொன்னார்கள். காற்றும் மழையும் அந்தப் பக்கம் போனது. காற்றுக்கு வட்டம் போடத் தெரியாது அண்ணாச்சி. கன்னியாகுமரி கடலோரத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் மரம் ஏறுகிறவர்களைக் கேளுங்கள்.

ஷிப்ட்காரர் ஐயாவிடம் எனக்கு ஒரே கேள்வி. முப்பது வருஷத்தில், வட்டத்துக்குள் இருந்த ஊர்க்காரன் எத்தனை பேருக்கு அந்தத் திட்டம் தெரிந்திருந்தது?

பழைய ஷிப்ட்காரன்
12 ஏப்ரல் 2012, மதியம் 12:45

தெரியாது தம்பி. ஒத்திகை நடக்கும்போது நாங்கள் பேருந்தில் போவோம். ஒரு தடவை ஒரு கிராமத்தில் இறங்கி, "கதிர்வீச்சு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள்" என்று ஓர் அதிகாரி மைக்கில் சொன்னார். ஒரு பாட்டி திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வீட்டுக்குக் கதவு இல்லையே சாமி, கோணிதான் தொங்குது" என்றார். அதிகாரி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நான் குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் குறிப்பேட்டை யார் படித்தார்களோ.

நடுக்கத்துக்கு உலை தாங்குமா என்றால் நான் நெஞ்சில் கைவைத்துத் தாங்கும் என்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மின்வெட்டு மாரி
12 ஏப்ரல் 2012, பிற்பகல் 1:02

இன்றைக்கு ஜோக் இல்லை.

பாறைப்பித்தன்
26 ஆகஸ்ட் 2012, இரவு 10:20

பழைய இழையை எழுப்புகிறேன். முதலில் ஏப்ரல் கணக்கு முடிந்தது: 8.6. பக்கவாட்டு உரசல் வகையில் கருவிகள் பதிவுசெய்ததிலேயே பெரியது. அலை இந்தோனேசியாவிலேயே ஒரு மீட்டர்தான்.

இரண்டாவது, தலைமைக் கணக்குத் தணிக்கையர் இந்த மாதம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை. 1983-ல் ஓர் அரசாணையால் உண்டான அமைப்பு, யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தத் துறையின் நிழலிலேயே இருக்கிறது, தானாக விதி வகுக்கும் அதிகாரம் இல்லை என்கிறது. நிலையத்துக்கு வெளியே நடக்கும் அவசர ஒத்திகைகளில் கண்ட குறைகளைத் தீர்க்க வைக்க அதனிடம் அதிகாரம் இல்லை என்றும் சொல்கிறது. ஷிப்ட்காரர் ஐயாவின் குறிப்பேடு நினைவுக்கு வந்தது.

உவரி அலை
27 ஆகஸ்ட் 2012, காலை 7:15

ஜூனில் கூடங்குளம் பக்கம் நக்கனேரியில் ஒத்திகை நடத்தினார்கள், தெரியுமா? முன்கூட்டிச் சொன்னால் கூட்டம் கூடிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஊர்க்காரர்களே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஒத்திகை பார்க்கவே பயப்படுகிற இடத்தில் நிஜம் வந்தால்?

துரைப்பாக்கம் துரை
12 பிப்ரவரி 2019, காலை 8:10

ஏழு வருஷம் கழித்து வருகிறேன். கடவுச்சொல் நினைவில் இருந்ததே ஆச்சரியம். இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு மறுபடி. இப்போது வேளச்சேரியில் ஆறாவது மாடியில் வீடு. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி அலமாரியின் கதவு தானாகத் திறந்தது. வங்காள விரிகுடாவில், சென்னைக்கு வடகிழக்கே 600 கி.மீ. தள்ளி, 5-ஐ ஒட்டி என்கிறார்கள். நேரே இந்த இழையைத் தேடி வந்தேன். இந்தத் தடவை கல்பாக்கம் பற்றி மனசு பதறவில்லை. மனைவி கேட்டபோது ஜெனரேட்டர், தணல், ஒனாகாவா எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் சரி, ஏதாவது ஆனால் நாம் எந்தப் பக்கம் போகணும்?" என்றாள். விழித்தேன்.

யாராவது இருக்கிறீர்களா?

உவரி அலை
12 பிப்ரவரி 2019, காலை 9:30

இருக்கோம் அண்ணாச்சி. இப்போது கூடங்குளத்தில் இரண்டு உலை ஓடுகிறது, மூன்றும் நான்கும் கட்டுகிறார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பதினைந்து கட்டளை போட்டு ஓட்டச் சொன்னது, ஜூலையில் முதல் உலை தொடங்கியது. உங்கள் மனைவி கேட்டதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மாரிக்கு மட்டும் மின்வெட்டு நின்றதாகக் கேள்வி.

பழைய ஷிப்ட்காரன்
12 பிப்ரவரி 2019, காலை 10:05

உயிரோடு இருக்கிறேன். துரை, ஒன்று செய்யுங்கள். உங்கள் மாவட்டத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வெளிநிலைய அவசரத் திட்டத்தில் எது பொதுமக்களுக்குத் தரலாமோ அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கிடப்பில் போடுவார்கள், ஐம்பது பேர் கேட்டால் தேடி எடுக்க வேண்டி வரும். நான் மனு எழுதித் தருகிறேன், பத்து ரூபாய் முத்திரை வில்லை உங்கள் செலவு.

பெசன்ட் நகர் அம்மா நலமா? ஊஞ்சல் ஆடியதா?

ஊஞ்சல்காரி
12 பிப்ரவரி 2019, முற்பகல் 11:40

நலம்தான் சார். அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். உத்தரம் இல்லாததால் ஊஞ்சலை மாட்ட முடியவில்லை, பலகை மொட்டைமாடியில் கிடக்கிறது, அதன்மேல் வடகம் காய வைக்கிறேன். காலையில் ஆடியது எனக்குத் தெரியவே தெரியாது. மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.